ரோகிணி லெவலுக்குப் போன தீப்பெட்டி

சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எறக்கினவன் யாரு?" என்பதுதான்.

இறங்கியவர்களின் பெயர்களை நான் சொன்னேன்.

"அவங்க எறங்கினவங்க. நான் கேக்கிறது எறக்கினவனை. என்ஜின் டிரைவர் பேரு இன்னா?"

ரேடியோ அதைச் சொல்லவில்லை. அத்தோடு அந்தச் செய்தியில் அப்பாவுக்கு இருந்த அக்கறை போய்விட்டது. டிரைவர் பேரைச் சொல்லாதவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். கேஜ் கம்பிக் கயிற்றில் தொங்கும். கயிறு ஆள் உயரத்தைவிடப் பெரிய டிரம்மில் சுற்றியிருக்கும். அந்த டிரம்மை ஓட்டுவது அவர் வேலை. அவர் உட்காரும் இடத்திலிருந்து குழி தெரியாது, கேஜும் தெரியாது. மணி தட்டும் சத்தத்தைக் கேட்டு, டயலில் முள்ளையும் டிரம்மில் போட்டிருக்கும் சாக்பீஸ் கோடுகளையும் பார்த்து ஓட்ட வேண்டும். கோட்டைத் தாண்டி மேலே இழுத்துவிட்டால் கேஜ் மேலே இருக்கும் சக்கரத்தில் போய் மோதும். அதற்கு ஓவர்வைண்ட் என்று பெயர். சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊரான ஊரிகத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அப்பாவுக்கு முதல் பந்தியில் இலை இருக்கும். சைக்கிளில் எதிரே வருகிறவர்கள் இறங்கி நின்று, "இன்னா டிரைவரே" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நாட்களில் பாதிப் பேரின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் கண்டுகொள்ளாமல் போனால், டிரைவருக்குத் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைக்கனம் டிரைவருக்கு இருக்கக் கூடியதுதான் என்று மன்னித்தும்விட்டார்கள்.

அந்த வருடம் நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்று, மறுதேர்வு வரும்வரை வீட்டில் இருந்தேன். கணக்கில் தோற்றவள் விண்வெளிக் கப்பல் ஓட்டக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வேறு இருந்தது. உலகமே சந்திரனைப் பேசும்போது நான் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே விளையாட்டு ஒன்று கண்டுபிடித்தேன்.

சுரங்க சர்வே ஆபீசில் வீணாய்ப்போன நீல வரைபடத் தாள்களை நோட்டுக்கு அட்டை போடக் கொடுப்பார்கள். என்னைவிட உயரமான ஒன்று வீட்டில் இருந்தது. அதன் மேல் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பால் நட்சத்திரங்களை வைத்தேன். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, சுவாதி. காலண்டரில் இருந்த பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு சூரிய மண்டலம். தீப்பெட்டியின் உள்பெட்டிதான் கப்பல். நான்கு புளியங்கொட்டைகள் பயணிகள். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்களைக் கொண்டுபோய், பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தாளைத் தரையில் விரித்து, விரலால் கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா நின்று பார்த்தார்.

"கயிறு எங்க?"

"விண்வெளியில கயிறு கெடையாது நைனா."

"கயிறு இல்லாம போனவன் எப்பிடித் திரும்பி வருவான்?"

மறுநாளே தாள் சுவரில் ஏறியது. பூமி உச்சியில், கூரை உத்தரத்துக்குச் சற்றுக் கீழே. கார்த்திகை அதற்குக் கீழே, ரோகிணி அதற்கும் கீழே, சுவாதி தரையை ஒட்டி. தூரம் என்றால் எங்களுக்குக் கீழேதான். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ரோகிணி எவ்ளோ ஆழத்துல கீது?" என்றுதான் கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. உத்தரத்தில் ஆணி அடித்து, காலி நூல்கண்டுக் கட்டை ஒன்றை அப்பா சக்கரமாக மாட்டினார். கப்பலில் கட்டிய தையல் நூல் மேலே போய், அந்தச் சக்கரத்தில் ஏறி, சுவரைத் தாண்டி சமையல் பக்கம் இறங்கியது. அங்கே பால் பவுடர் டின் ஒன்றைக் கம்பியில் கோத்து, கைப்பிடி வைத்து, மரப்பெட்டி ஒன்றில் பொருத்தி அவர் டிரம் செய்துவிட்டார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் டின்னில் ஒரு சாக்பீஸ் கோடு. அப்பா அந்தப் பக்கம் முக்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவார். கப்பல் அவருக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கம் பித்தளை டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு நிற்பேன். தூரம் அவர் பொறுப்பு. நட்சத்திரங்கள் நேர்கோட்டில் இல்லாததால் கப்பலை இடமும் வலமும் விரலால் சாய்ப்பது என் பொறுப்பு.

விளையாட்டு என்னுடையது, சட்டமெல்லாம் அவருடையது. மூன்று தட்டு தட்டினால் கப்பலில் ஆள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அவர் மூன்று தட்டித் திருப்பிச் சொல்வார். பிறகு போக வேண்டிய இடத்துக்கு உரிய தட்டு. ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். ரோகிணியை அவர் ரோகிணி என்று மட்டும் சொன்னதே இல்லை. சுரங்கத்தில் ஒவ்வோர் ஆழத்துத் தளத்தையும் சொல்வதுபோல ரோகிணி லெவல் என்பார். பூமிக்கு அவர் வைத்த பெயர், குழிக்கு வெளியே தரைமட்டத்தைச் சொல்லும் சர்ஃபேஸ். கப்பல் ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது. அம்மா டீயை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போக வேண்டும். தரையில் விழுந்த கொட்டை செத்த கொட்டை. அதை மறுபடி ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது.

"அங்க எட்டு மணி நேரம், இங்க ரெண்டு மணி நேரம். இந்த மனுசனுக்கு எறங்கவே தெரியாது" என்பாள் அம்மா. ஆனாலும் ஒரு நாள் அவள் நான்கு கொட்டைகளில் ஒன்றை எடுத்து, சுண்ணாம்பால் பெரிய பொட்டு வைத்துப் பெட்டியில் போட்டாள்.

"இது உங்க அண்ணன்" என்றாள்.

அண்ணன் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஓட்டும் குழியில்தான் இறங்குவான். வீட்டில் விளையாடும் எங்களைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. "நாளெல்லாம் கேஜுல போயி வரேன், வூட்லயும் கேஜா" என்று வெளியே போய்விடுவான். அவன் போன பிறகு அவன் கொட்டை சுவாதி லெவல்வரை போய்த் திரும்பும்.

அப்பா ஒரு கொட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. கப்பல் நட்சத்திரத்தின் எதிரே வந்து, சுண்ணாம்புப் புள்ளிக்கு நேராக, கொட்டைகள் உருளாமல் நிற்கும். ஒரு தடவை ஆழத்தில் பாறை வெடித்து வீடு ஆடியது. ஏர்பிளாஸ்ட் என்போம், வாரத்துக்கு ஒன்றாவது வரும். அலமாரியில் பாத்திரம் உருண்டது. அப்பா டின்னைப் பிடித்தபடி இருந்தார். கப்பல் சும்மா ஊசலாடி நின்றது, நான்கு பேரும் உள்ளேயே இருந்தார்கள். எனக்கு அவரைப் பற்றி அன்றைக்கு இருந்த பெருமை, அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தும் யாரிடமும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா சொன்னார், "ஞாயித்துக்கிழமை எங்க ஷாஃப்ட்டுல ரோப் வெட்டறாங்க."

கம்பிக் கயிறு கேஜில் கட்டியிருக்கும் முனையில்தான் சீக்கிரம் தேயும். அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை முனையில் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுவார்கள். கயிறு குட்டையாகிவிடுவதால் பழைய கோடுகள் செல்லாது. டிரம்மில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும். திங்கள் காலை முதல் ஷிப்ட் புதுக் கோட்டில் இறங்கும்.

சுரங்கத்தில் செய்வதை நானும் செய்ய வேண்டாமா? சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் கப்பல் முனையில் ஒரு சாண் நூலை வெட்டினேன். டின்னில் இருந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கப்பலை ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நிறுத்திப் பார்த்துப் புதுக் கோடு போட்டேன். அதற்கென்று ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து மஞ்சள் சாக்பீஸ் வாங்கி வந்தேன். என்ஜின் ரூமில் அறிவிப்புப் பலகை தொங்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். என் பழைய ஸ்லேட்டில், 'கயிறு வெட்டப்பட்டது. புதுக் கோடு பார்க்கவும்' என்று எழுதி, அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினேன். கணக்கில் தோற்றவள் செய்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

சாயங்காலம் அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். ஸ்லேட்டைப் பார்த்தார். தலையாட்டினார். சரி, படித்துவிட்டார் என்று நான் இந்தப் பக்கம் வந்தேன்.

மூன்று தட்டு. அவர் மூன்று. ரோகிணிக்கு உரிய தட்டு. கப்பல் இறங்கியது. ரோகிணிக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. நான் காத்திருந்தேன். அசையவில்லை. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து, சர்ஃபேஸுக்குத் தட்டினேன். கப்பல் ஏறியது. கார்த்திகையைத் தாண்டியது. பூமியையும் தாண்டியது. ஒரு தட்டு தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் கை வரவில்லை. அவர் தாண்டுவார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தீப்பெட்டி கட்டைச் சக்கரத்தில் மோதிக் கவிழ்ந்தது. நான்கு கொட்டைகளும் சிமெண்டுத் தரையில் விழுந்து ஆளுக்கொரு பக்கம் ஓடின.

சமையல் பக்கம் அம்மா அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

நான் சுவரைச் சுற்றி ஓடினேன். மஞ்சள் கோடு டின்னில் பளிச்சென்று இருந்தது. அப்பா டின்னைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கட்டைவிரல் டின்னின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளத்தில் இருந்தது. ஆணியால் குத்திய பள்ளம். பழைய கோடு இருந்த ஒவ்வொரு இடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. நான் துடைத்தபோது அதைப் பார்த்தும் டின் நசுங்கியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"ஸ்லேட்டுல இன்னா எழுதி கீது நைனா?"

அவர் ஸ்லேட் பக்கம் முகத்தை நீட்டினார்.

"வெள்ளையா ஏதோ கீது" என்றார்.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசம் ஆவும். மொத மொதல்ல மங்கலாத்தான் இருந்துச்சு. போன தடவ ரோப் வெட்டினப்போகூட கோடு கொஞ்சம் தெரிஞ்சுச்சு."

"கண் டெஸ்ட்டு வருசா வருசம் வெக்கிறாங்களே?"

"முன்னாடி நிக்கிறவன் சத்தமா படிப்பான். கேட்டு வெச்சிக்குவேன். எனக்கு நாபக சக்தி நல்லா கீது."

அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்ஜினை எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டேன். டயலில் முள் பெரிது, ஓரளவு தெரியும் என்றார். கடைசியில் நிறுத்துவதற்குத்தான் கோடு வேண்டும். டிரம்மின் ஓரத்தில் ஒரு பெரிய போல்ட் உண்டு, அது மேலே வந்து கறுப்பாகத் தெரியும்போது பிரேக் போட்டால் கேஜ் சரியாக சர்ஃபேஸில் நிற்கும் என்றார்.

"நாளைக்கு ரோப் வெட்டினா போல்ட் எங்க வரும்?"

"தெரியாது" என்றார். என் பதினேழு வயதுவரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

அம்மா வந்தாள். கையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த கொட்டை இருந்தது.

"இவன் வாசப்படி வரிக்கும் உருண்டு போயிட்டான்" என்றாள். பிறகு, "திங்கக்கெழமை அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. உங்களுக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு" என்றாள். கொட்டையை உப்பு ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டு அரைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவிடம், நீ சொல்லாவிட்டால் நானே என்ஜினியர் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன்.

"நீ சொன்னா, திருடனைப் புடிச்ச மாதிரி ஆவும்" என்றார். அவ்வளவுதான். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "வா, டிரையல் ஓட்டணும்" என்று கூப்பிட்டார். கயிறு வெட்டினால் முதலில் ஆளில்லாத கேஜை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். நான் காலித் தீப்பெட்டியோடு நின்றேன். அவர் டின்னை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மஞ்சள் கோட்டைத் தேடினார். மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் தெரிந்தது. சுரங்கத்து டிரம் அவ்வளவு பக்கத்தில் வராது. அதனால் டின்னையும் முக்காலியையும் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். பள்ளங்களில் விரலை வைக்கவில்லை.

முதல் தடவை கப்பல் சக்கரத்தில் மோதியது. இரண்டாவது தடவை பயந்து பூமிக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தடவையும் "இன்னா ஆச்சு?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். பொய் சொல்லலாமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. மூன்றாவது தடவை மறுபடி மோதியது.

"இன்னா ஆச்சு?"

"மோதிடுச்சு நைனா."

"சரி" என்றார். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

திங்கள் விடிவதற்கு முன்பே அப்பாவும் அண்ணனும் சாப்பாட்டுக் கேரியரோடு ஒன்றாகக் கிளம்பினார்கள். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. லைன் முனையில் அவன் ஏதோ சொல்ல, அப்பா சிரித்தது கேட்டது.

எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் குழிக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் சக்கரமும் தெரியும். சக்கரம் சுற்றினால் ஆள் இறங்குகிறது என்று அர்த்தம். சங்கு ஊதியது. சக்கரம் சுற்றவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்தாள். பால்காரன் வந்து போனான். அடுத்த லைன் பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். சக்கரம் நின்றே இருந்தது. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

யார் ஓட்டுகிறார்கள் என்று சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் சுற்றி நின்றது. திரும்பிச் சுற்றி நின்றது. மறுபடி இறங்கியது. அவள் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினாள். ஏழாவது எண்ணும்போது தெருமுனையில் அப்பா வருவது தெரிந்தது. கேரியர் திறக்கப்படாமல் கையில் இருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். அப்பா அவரைப் பார்க்காமல் வந்தார்.

"வேற டிரைவரை மாத்தி உட்டாங்க" என்றார் அம்மாவிடம்.

அவள் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதே சோற்றைத் தட்டில் போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் அவரை லாம்ப் ரூமில் போட்டார்கள். உள்ளே இறங்குகிறவர்கள் பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கு வாங்கிப் போகும் இடம். வில்லையில் குத்தியிருக்கும் நம்பரை விரலால் தடவிப் பார்த்து விளக்கு எடுத்துக் கொடுத்தார். ஒரு விளக்கும் மாறவில்லை என்று சொல்வார்கள். கல்யாணங்களில் கொஞ்ச நாள் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், பிறகு எல்லோரையும்போல இடம் இருக்கும் பந்தியில். அதற்கு அவர் வருத்தப்பட்டார். வருத்தப்படவில்லை என்று நான் எழுதினால் அது பொய்.

அது பிறகு நடந்தது. அந்தத் திங்கள் மத்தியானம் அண்ணன் அழுக்கும் கோபமுமாக வந்தான்.

"முக்கா மணி நேரம் மேலயே நிக்க வெச்சிட்டான். எவனோ ஒரு டிரைவர், கடைசி நேரத்துல முடியாதுன்னு சொல்லிட்டானாம்."

"லேட்டுதான்" என்றார் அப்பா. அண்ணன் குளிக்கப் போனான்.

சாயங்காலம் அப்பா சமையல் பக்கம் போகவில்லை. நேராக வரைபடத்தின் அருகில் வந்து டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார்.

"நீ போயி ஓட்டு" என்றார் என்னிடம்.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அம்மா உப்பு ஜாடியைத் திறந்து, சுண்ணாம்புப் பொட்டுக் கொட்டையை எடுத்தாள். மற்ற மூன்றையும் சனிக்கிழமையே பொறுக்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள். சுவரைச் சுற்றிப் போய் நான்கையும் பெட்டியில் போட்டாள். விழுந்த கொட்டையைச் சேர்க்கக் கூடாது என்ற சட்டத்தை அப்பாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்று தட்டு கேட்டது. நான் மூன்று தட்டினேன். ரோகிணி லெவலுக்கு இறக்கினேன். மறுபடி மூன்று தட்டு, சர்ஃபேஸ். மஞ்சள் கோட்டை மட்டும் பார்த்துச் சுற்றினேன். கோடு வந்ததும் நிறுத்தினேன்.

"இன்னா ஆச்சு நைனா?"

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். கப்பல் பூமிக்கு நேராக நின்றிருந்தது. அப்பா அதற்குள் ஒரு விரலை விட்டு, கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். நான்காவதில் காய்ந்த சுண்ணாம்பு சொரசொரப்பாக இருந்திருக்க வேண்டும். அங்கேயே விரல் நின்றது.

"இது யாரு?"

"அண்ணன்."

"எறங்கச் சொல்லு" என்றார்.